ஷிரீனுக்கும் தெரியாத முகவரி

என் மகள் ரமணியின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணைத் திட்டுவதற்காகவே கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். என்ன சொல்லித் திட்டுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஷா ஆலம் வருவதற்குள் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்ந்துவிட்டன.

காரணம், முதல் நாள் சாயங்காலம் வந்த போன்.

"அக்கா, நான் யாரு?"

"என்னடா கேள்வி இது?"

"இல்ல, சொல்லு. ரமணிக்கு நான் யாரு?"

"தாய்மாமன்."

"அதத்தான் அந்தக் கம்பெனிக்காரிகிட்ட சொன்னேன். 'சாரி அங்கிள், வீட்டு அட்ரஸ் தர முடியாது'ன்னுட்டா. தாய்மாமன்மா நான்னு சொல்றேன், 'யாரா இருந்தாலும் முடியாது அங்கிள்'ங்கிறா. அறுபது வயசுல ஒரு சின்னப் பொண்ணுகிட்ட நான் யாருன்னு நிரூபிக்கணுமா?"

திருச்செல்வம் எனக்கு ஒரே தம்பி. பந்திங்கில் இருக்கிறான். நலுங்கு அன்றைக்குத் தாய்மாமன் சீரோடு பெண் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். இது ரமணிக்கு இரண்டாவது கல்யாணம். அதற்காகச் சீரில் ஒரு தட்டுகூடக் குறையக் கூடாது என்று அவன் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தான். சீர் கொண்டுபோக வீட்டு முகவரி வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் கேட்டான். "எல்லாம் அந்தக் கம்பெனிகிட்ட இருக்குடா, அவங்ககிட்ட கேளு" என்று நம்பரைக் கொடுத்தது நான்தான்.

"சரிக்கா. என் சீர் வேண்டாம்னு ஆயிடுச்சு. நான் கல்யாணத்துக்கு வர்றதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்தக் கம்பெனிக்குப் 'பந்தக்கால்' என்று பெயர். இன்டர்நெட்டில் கல்யாண ஏற்பாடு செய்து தருகிறவர்கள். யாரைக் கூப்பிடுவது, யார் நம்பர் என்ன, கேரி தீவிலிருந்து எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள், யாருக்குச் சைவச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வைக்க வேண்டும். அவர்களிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் ரமணி ஒரு மணி நேரம் போனில் கேள்வி கேட்டாள். இதை யார் பார்ப்பாங்க, அதை யார் பார்ப்பாங்க, பார்த்தா எனக்குத் தெரியுமா என்று. கல்யாணத்துக்கு ஆள் பிடிக்கிறாளா, பேங்குக்குக் காவல் போடுகிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவளுடைய முதல் புருஷன் தனேஷ். அவன் அவள் மேல் கை நீட்டிய கதையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. விவாகரத்து ஆயிற்று, கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவும் வாங்கினாள். ஆனாலும் இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்தது. முதல் வீட்டைச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போட்ட பிறந்தநாள் படத்தை வைத்துக் கண்டுபிடித்தான். இரண்டாவது வீட்டைக் காதுகுத்து அழைப்பிதழில் இருந்த முகவரியை வைத்துக் கண்டுபிடித்தான். இப்போது இருப்பது செமினியில், அவளே வாங்கிய சின்ன வீடு. எனக்கும் மாப்பிள்ளை முகுந்தனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"மாமாகிட்டயும் சொல்லக் கூடாதும்மா" என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அவன் என் தம்பிடி."

"மாமா நல்லவருதான். ஆனா வயித்துல ஒண்ணும் நிக்காது. தனேஷ் வந்து அழுதான்னா, மாமாவும் கூடச் சேர்ந்து அழுவாரு."

அது உண்மைதான். அந்த முதல் சம்பந்தத்தைப் பேசி முடித்தவனே என் தம்பி. தான் கட்டி வைத்தது உடைந்துபோனதை அவனால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

'பந்தக்கால்' ஆபீஸ், பூமாலைக் கடைகள் இருக்கும் வரிசையில் மாடியில் இருந்தது. படியேறினால் கதவு பூட்டியிருந்தது. மணி அடித்தேன். பச்சை முக்காடு போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"வாங்க ஆன்டி. யாரைப் பார்க்கணும்?"

"நேத்து பந்திங்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. அவரை அவமானப்படுத்தின பொண்ணைப் பார்க்கணும்."

"அது நான்தான் ஆன்டி. பேரு ஷிரீன். உக்காருங்க. படி ஏறி வந்திருக்கீங்க. டீயா, காப்பியா?"

ஷா ஆலமில் சேர்த்த வார்த்தைகளில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டன.

"டீ எல்லாம் வேணாம். நான் லெட்சுமி. ரமணியோட அம்மா."

"ஐ.சி. இருக்குங்களா ஆன்டி?"

"என் மக கல்யாணத்தைப் பத்திப் பேச நான் ஐ.சி. காட்டணுமா?"

"ஆமா ஆன்டி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கை நீட்டியபடியே இருந்தது. அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கார்டைக் காப்பி எடுக்கலையா? எல்லா இடத்துலயும் எடுப்பாங்களே."

"வேணாம் ஆன்டி. எடுத்து வச்சா அப்புறம் அதையும் நாங்கதான் காவல் காக்கணும்."

"நல்லாப் பேசுற. என் தம்பிகிட்ட மட்டும் ஏன் அப்படிப் பேசின? அவன் தாய்மாமன். மேடையில அவனுக்கு மரியாதை செய்யாம தாலியே ஏறாது, தெரியுமா?"

"தெரியும் ஆன்டி. எங்க வீட்டுலயும் மாமான்னா மாமாதான். ஆனா அட்ரஸ் எனக்கே தெரியாதே. எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்றது?"

"என்ன கதை விடுற? உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு?"

"இருக்கு ஆன்டி. ஆனா எனக்குத் திறக்காது. ரமணி அக்கா சரின்னு சொன்னாத்தான் திறக்கும். அப்படித் திறந்தாலும், ஷிரீன் இத்தனை மணிக்குப் பார்த்தாள்னு அவங்க போனுக்குப் போயிடும்."

"அப்போ கல்யாணத்தன்னைக்கு வீட்டுக்கு மேக்கப் போட வர்றவ என்ன, வாசம் பிடிச்சுக்கிட்டா வருவா?"

அவள் சிரித்துவிட்டாள். "அன்னைக்குக் காலையில அவங்க போன்ல மட்டும் அட்ரஸ் தெரியும். வேலை முடிஞ்சதும் மறைஞ்சிடும். பூக்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் கிள்ளான் ஹால் அட்ரஸ் மட்டும்தான்."

"பெத்த அம்மா நான். எனக்கு?"

"நீங்க சேர்த்த எழுபத்திரண்டு பேரை நீங்க பார்க்கலாம். மாப்பிள்ளை பக்கத்து ஆளுங்களைப் பார்க்க முடியாது. அவங்க அம்மாவும் உங்க பக்கத்தைப் பார்க்க முடியாது."

"சம்பந்தியம்மா முடியாதா?"

"முடியாது ஆன்டி."

அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விடவில்லை.

"அதெல்லாம் சரி. ஒரு பெரிய மனுஷனைக் கொஞ்சம் பதமாச் சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

ஷிரீன் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தாள்.

"அங்கிள் பேசினது ஒண்ணும் இல்ல ஆன்டி. அதுக்கு அப்புறம் இன்னொரு விஷயம் நடந்துச்சு. அதை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது. ரமணி அக்காதான் சொல்லணும்."

"என்ன விஷயம்? என் மகளைப் பத்தியா?"

"அக்காவுக்குப் போன் பண்ணுங்களேன் ஆன்டி. இங்கேயே பண்ணுங்க."

ரமணியின் நம்பரை அழுத்தினேன்.

"அம்மா, எங்க இருக்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல."

"ஷிரீனைத் திட்டப் போனியா?"

"ஆமா."

"திட்டிட்டியா?"

"இன்னும் முழுசா இல்ல. என்னடி நடந்துச்சு? இந்தப் பொண்ணு சொல்ல மாட்டேங்குது."

ரமணி, "அவங்ககிட்ட போனைக் குடும்மா" என்றாள். ஷிரீன் வாங்கி, "அக்கா... சரிக்கா... எல்லாத்தையுமா? சரி" என்று சொல்லிவிட்டு, ரமணிக்கும் கேட்கும்படி போனை மேசை மேல் வைத்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தாள். அங்கே யார் என்ன கேட்டாலும் அப்படியே எழுதி வைப்பது அவர்கள் வழக்கமாம்.

"மூணு பத்துக்கு அங்கிள் பேசினாரு. முடியாதுன்னு சொன்னோம். மூணு இருபத்தஞ்சுக்கு அதே நம்பர்ல இருந்து இன்னொரு போன். ஆனா குரல் வேற. சீர் ஏத்திட்டு வர்ற லோரிக்காரர்னு சொன்னாரு. 'அட்ரஸ் வேணாம் தங்கச்சி, காஜாங் பக்கமா நீலாய் பக்கமான்னு மட்டும் சொல்லு, எண்ணெய் ஊத்தணும்ல'ன்னாரு. சொல்ல முடியாது அண்ணேன்னேன்."

"சரி, லோரிக்காரன் கேட்டிருப்பான்."

"அப்புறம், 'வீட்டுல யாரு இருப்பா, தனியாத்தானே இருக்கா'ன்னு கேட்டாரு ஆன்டி. நான் ஒண்ணும் சொல்லல. 'இன்னும் நைட் ஷிப்ட்தானா'ன்னு கேட்டாரு."

ரமணி காஜாங் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீர் ஏற்றுகிற லோரிக்காரனுக்கு அவள் நைட் ஷிப்ட் பார்ப்பது எப்படித் தெரியும்? 'இன்னும்' என்று எவன் கேட்பான்?

"தனேஷ்" என்றேன்.

போனுக்குள்ளிருந்து ரமணி பேசினாள். "ஆமாம்மா. அஞ்சு நிமிஷத்துல ஷிரீன் எனக்குக் கூப்பிட்டாங்க. நான் உடனே பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டேன். பாதி வீடு பெட்டிக்குள்ள போயிடுச்சு. மூணாவது தடவை ஓடணும்னு நினைச்சப்போ எனக்குக் கல்யாணமே வேணாம்னு தோணிடுச்சு. முகுந்தன் கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஐயோ, என்னடி..."

"இரும்மா. அப்புறம் ஷிரீன் மறுபடி கூப்பிட்டு, யார் யார் பார்த்தாங்கங்கிற பட்டியலை எனக்கு அனுப்பினாங்க. அட்ரஸைப் போட்ட நாள்ல இருந்து அதைத் திறந்தது நான் மட்டும்தான். 'எங்ககிட்ட இருந்து ஒரு எழுத்து வெளிய போகல, காஜாங்கா நீலாயான்னுகூட போகல'ன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் நான் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சேன். முகுந்தனையும் கூப்பிட்டு, கல்யாணம் நடக்கும்னு சொன்னேன்."

நான் ஷிரீனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று இவள் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"ரமணி, உன் மாமனை இங்க அனுப்பினதே நான்தான்டி."

"தெரியும்மா. நம்பர் நீதானே குடுத்திருப்ப."

"நம்பர் குடுத்தது மட்டும் இல்ல. தம்பிகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன்கிட்ட சத்தியமும் பண்ணியிருக்கேன். இவங்க அட்ரஸைக் குடுத்துட்டா, நான் சொன்னதா ஆகாதுல்ல? குடுத்துடுவாங்கன்னு நினைச்சுதான் அனுப்பினேன்."

கீழே பூக்கடையில் யாரோ மலாயில் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷிரீன்தான் முதலில் பேசினாள். "நிறைய அம்மாங்க அப்படித்தான் ஆன்டி அனுப்புவாங்க. அதுல தப்பு இல்ல. சொந்தக்காரங்ககிட்ட முடியாதுன்னு சொல்றது கஷ்டம் லா. இனிமே யாரு கேட்டாலும் எங்களைக் கை காட்டுங்க. அவங்க எங்களைத் திட்டட்டும். நாங்க வாங்கிக்கிறோம். நாளைக்கு நீங்க எல்லாரும் சண்டை இல்லாம ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்ல?"

என் அறுபத்தேழு வயதில், எனக்காகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். வேண்டாம் என்று சொன்ன டீயை அப்போது நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கீழே இறங்கி, பூக்கடை ஓரமாக நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"நேத்து உன் பக்கத்துல யாருடா இருந்தா?"

"யாரு... சும்மா... தனேஷ் டீ குடிக்க வந்தான். கட்டில் ஏத்த லோரி பார்த்துத் தரேன்னு சொன்னான்."

"என்ன கட்டில்?"

"மருமகளுக்குத் தேக்குக் கட்டில் வாங்கியிருக்கேன்கா. சொல்லாம கொண்டாந்து இறக்கலாம்னு பார்த்தேன்."

"உன் போனை அவன் கையில குடுத்தியா?"

"குடுக்கல. மேசையில வச்சிட்டுப் பின்னாடி போனேன்."

நடந்ததைச் சொன்னேன்.

"அவன் அழுதான்கா. ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்து மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னான். நானும்..."

"நீயும் கூடச் சேர்ந்து அழுதிருப்ப."

"ஆமாக்கா." பிறகு, "நான் கல்யாணத்துக்கு வரலக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்?" என்றான்.

முதல் நாள் ரோஷத்தில் சொன்னதை இப்போது வெட்கத்தில் சொன்னான்.

அன்றைக்கே ரமணியும் முகுந்தனும் ஷிரீன் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கோர்ட் உத்தரவோடு சேர்த்து அதையும் வைத்ததால் பேச்சு நீளவில்லை. தனேஷைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்த ரமணி, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால், செமினி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாமனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, நலுங்கு அன்னைக்கு அத்தையையும் கூட்டிக்கிட்டு காஜாங்ல கோயில் வாசலுக்கு வந்துடுங்க. முகுந்தன் வந்து கூட்டிட்டு வருவாரு. கட்டிலையும் அங்கயே இறக்கிடுங்க. அவரு வேற லோரி கொண்டு வருவாரு."

"வேணாம்மா. நான் வந்தா உனக்கு ஆபத்து."

"நீங்க வரலைன்னா எனக்கு யாரு மாமா மாலை போடுறது? ஒண்ணே ஒண்ணு. போனை பந்திங்ல வச்சிட்டு வாங்க."

நலுங்கு அன்று காலை பத்து மணிக்கு முகுந்தனின் கார் செமினி வீட்டு வாசலில் நின்றது. என் தம்பி பெண்டாட்டி முதலில் இறங்கினாள். அவன் மட்டும் பின் சீட்டில் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, தலை சுத்துதா?"

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, இறங்கு."

தம்பி பெண்டாட்டி சொன்னாள். "காஜாங்ல இருந்து இப்படியேதான் அண்ணி வர்றாரு. மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லிட்டாரு, வேணாம் மாமான்னு. கேக்கவே இல்ல."

"எனக்கு வழி தெரிய வேணாம்கா" என்றான் அவன், ஒரு கண்ணை மட்டும் திறந்து. "தெரிஞ்சா என்னைக்காவது வாயில வந்துடும். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ரமணி வாசலுக்கு ஓடி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாமன் கையைப் பிடித்து, குருட்டு மனுஷனைக் கூட்டிப்போவது போலவே உள்ளே கூட்டிப்போனாள். "படி இருக்கு மாமா, பார்த்து" என்றாள். "ரோட்டைத்தான் பார்க்க மாட்டேன், படியைப் பார்ப்பேன்" என்றான் அவன். பதினோரு தட்டுச் சீர் வந்தது. கட்டிலை உள்ளே கொண்டுபோக முடியாமல் கதவைக் கழற்றிக் கொண்டுபோனார்கள்.

கிள்ளான் ஹாலில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவரவர் போனில் வந்த அழைப்பைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். வேறு ஒருவரின் அழைப்பைக் காட்டிய இரண்டு பேரை வாசலிலேயே உட்கார வைத்து, ரமணியிடம் கேட்டுவிட்டு உள்ளே அனுப்பினார்கள். ஒருவர் என் பெரியப்பா மகன். இன்றைக்கும் முறைக்கிறார். நான் கம்பெனியைக் கை காட்டிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துதான் ஷிரீனுக்கு நன்றி சொல்லவே இல்லை என்பது உறைத்தது. ரமணி பெட்டிகளையெல்லாம் பிரித்து முடித்து, ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்திருந்த சமயம் அது. போன் போட்டேன்.

"ஷிரீனா? நான் லெட்சுமி பேசுறேம்மா. ரமணியோட அம்மா."

"எந்த ரமணி ஆன்டி?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னம்மா, அதுக்குள்ள மறந்துட்டியா? கிள்ளான் ஹால்ல கல்யாணம், மாப்பிள்ளை முகுந்தன்..."

"ஆன்டி, சும்மா விளையாடினேன்" என்று சிரித்தாள். "ஆனா நிஜமாவே எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. கல்யாணம் முடிஞ்சு முப்பது நாள்ல எல்லாத்தையும் அழிச்சிட்டோம். பேரு, நம்பர், அட்ரஸ் எதுவுமே கிடையாது. இப்போ அந்த வீடு எங்க இருக்குன்னு எங்க கம்ப்யூட்டருக்கும் தெரியாது."

"என்னையாவது ஞாபகம் இருக்கா?"

"நீங்க வந்து நின்ன நிலைக்கு உங்களை மறக்க முடியுமா ஆன்டி?"

"ஏம்மா, கல்யாணத்துக்கு நீ ஏன் வரல? எந்த ஹால், எத்தனை மணி, எல்லாம் உனக்குத் தெரியுமே."

"தெரியும்ங்கிறதுக்காக வந்துட முடியுமா ஆன்டி?"

எழுபத்திரண்டு பேரைத் தேடித் தேடிக் கூப்பிட்ட எனக்கு, இந்த ஒருத்தியைக் கூப்பிடத் தோன்றவில்லை. என் மகள் தன் வீட்டில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சமைக்கிறாள் என்றால், அதில் இவளுக்கும் பங்கு உண்டு. அதையெல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"சனிக்கிழமை லீவா உனக்கு?"

"ஆமா ஆன்டி."

"எங்க வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வா. ஹலால் கோழி வாங்கி, புதுச் சட்டியில ஆக்குறேன். என் தம்பியும் வருவான். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். கொஞ்சம் அழுவான், பொறுத்துக்கோ."

"வரேன் ஆன்டி. வீடு எங்க?"

"பேப்பர் பேனா இருக்கா?"

"இருக்கு. எழுதிக்கவா?"

"எழுதிக்கோம்மா. நானே சொல்றேன், நல்லா எழுதிக்கோ" என்று, கிள்ளானில் என் வீட்டு நம்பரிலிருந்து ஆரம்பித்து, லோரோங் நம்பர், தாமான் பேர், முனையில் இருக்கும் மாவு மில், வாசலில் நிற்கும் செம்பருத்தி வரைக்கும் ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னேன்.